கறுப்பு வண்டியின் கோடுகள்

பிளாஸ்டிக் காரின் கதவு திறவாது. அது கதவு என்பதை உணர்த்துவது அதனைச் சுற்றி ஓடும் ஒரு கோடு மட்டுமே. கதவுக்கும் உடலுக்கும் இடையே, பானெட் எனப்படும் முன்மூடிக்கும் முகப்புக்கும் இடையே, மெய்யான காரில் காணப்படும் இடுக்குகளை, துண்டுகளை ஒட்டிச் செய்யும், கையில் அடங்கும் இச்சிறு வண்டிகளில் மெல்லிய பள்ளங்களாக வார்த்திருப்பார்கள். இவற்றைப் பேனல் கோடுகள் என்பர். பெட்டியிலிருந்து எடுக்கும்போது இப்பள்ளங்கள் ஆழமற்றவையாகவே இருக்கும். பிரைமர் என்னும் அடிப்பூச்சு, வண்ணம், மெருகு என ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு ஏறுங்கால் பள்ளம் தூர்ந்துவிடும், கதவு மறைந்துவிடும், கார், பாதி கரைந்த சோப்புக்கட்டியின் தோற்றத்தை அடைந்துவிடும். ஆகவே வண்ணம் பூசுவதற்கு முன்னரே கோடுகளை ஆழப்படுத்துதல் இன்றியமையாதது.

அதனை இக்காஞ்சிபுரத்தில் என்னைவிடச் செம்மையாகச் செய்பவர் ஒருவரும் இலர். இஃது என் கூற்றன்று. பட்டுக்கடை தினகரனே, மண்டபம் நிறைந்த மக்கள் முன்னிலையில், தன் வாயால் ஒப்புக்கொண்டான். அவனை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு நான் செய்தது யாது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோவிலுக்குச் செல்லும் வழியில் எங்கள் பாத்திரக்கடை அமைந்துள்ளது. என் கணவர் உஸ்மான் பாத்திரம் விற்பார். விற்ற பாத்திரத்தில் நான் பெயர் வெட்டுவேன். திருமணத்திற்கோ புதுமனை புகுவிழாவிற்கோ எவர்சில்வர் குடம் வாங்குவோர், அதில் தம் பெயர் பொறிக்கப்படாமல் கடையை விட்டு இறங்கமாட்டார்கள். மேலே 'அன்பளிப்பு' என்றும், கீழே கொடுப்பவர் பெயரும் இருத்தல் வேண்டும். குடம் நசுங்கிப் பழைய பாத்திரக்காரனிடம் போகும் வரையிலும் அதைக் கொடுத்தது யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. ஒரு ஸ்பூனுக்குக் கூட இவ்வூரில் பெயர் உண்டு.

துபாயிலிருந்து வந்த என் தம்பி, என் மகளுக்கென ஒரு கார்ப் பெட்டியை வாங்கிவந்தான். அவள் இரண்டு சக்கரங்களை ஒட்டிவிட்டு அதனை மறந்தாள். நான் மறக்கவில்லை. மதியம் கடை வெறிச்சோடிக் கிடக்கும் வேளையில் அதனை எடுத்து வைத்துக்கொண்டேன். எவர்சில்வரில் இயந்திரம் பேசும். பிளாஸ்டிக்கில் கைதான் பேச வேண்டும். கட்டையில் பொருத்திய ஊசியைக் கோட்டின் மீது வைத்து, முதல் இழுப்பில் ஊசியின் எடையைத் தவிர வேறு எடை கொடுக்கலாகாது. அழுத்தினால் ஊசி தடம் புரண்டு கதவின் குறுக்கே ஓடிவிடும். பின்னர் கத்தியின் முதுகால் மீண்டும் மீண்டும் இழுக்க வேண்டும்; தள்ளுதல் கூடாது. கை வழுக்கிக் கீறல் விழுந்தால் உடனடிப் பசையை நிரப்பி, வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் வெட்ட வேண்டும். பசை இறுகினால் இறுகியதுதான்; பின்னர் சுருங்காது. இச்செய்தியை நினைவில் கொள்ளுதல் நலம்.

தினகரன் எனக்கு அறிமுகமானது இவ்வழியில்தான். தந்தை விட்டுச்சென்ற பட்டுக்கடை, அதன் மாடியில் குளிரூட்டிய அறை, அறையில் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்றூட்டும் கம்ப்ரஸரும் வெளிநாட்டு வண்ணங்களும். வண்ணம் பூசுவதில் அவன் வல்லவன். இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் ஊசியை எடுத்தால் அவன் கை நடுங்கும். நகரத்தில் இவ்வண்டிகளைச் செய்வோர் சிலர் கூடி ஒரு கழகம் அமைத்தபோது, நான் செய்த வண்டியின் கதவைப் பார்த்துவிட்டு அவனே கடைக்கு வந்தான். "கோடு நீங்க, கலர் நான். அட்டையில ரெண்டு பேர் பேரும் போட்டுக்கலாம்கா" என்றான். நான் இசைந்தேன்.

அவ்வாண்டுக் கண்காட்சிக்கெனச் செய்தது ஒரு சிவப்பு வண்டி. அதற்குப் பரிசு கிடைத்தது. வண்டியின் முன் வைத்த அட்டையில் அவன் பெயர் மட்டுமே இருந்தது. மேடையில் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டி, "இவ்ளோ சுத்தமான லைன் யார் சார் போட்டது?" என்று வினவினார்.

"எல்லாம் நான்தான் சார்" என்றான் தினகரன்.

"பாத்திரக்கடை அம்மா போட்டாங்கன்னு யாரோ சொன்னாங்களே?"

"அவங்களா?" என்று சிரித்தான். "அவங்க சொம்புல பேர் வெட்டறவங்க சார். ஊசி தீட்டிக் குடுத்தாங்க ஒருவாட்டி. அவ்ளோதான்."

மண்டபம் சிரித்தது. நான் மூன்றாம் வரிசையில், என் மகளுக்கும் கணவருக்கும் நடுவே அமர்ந்திருந்தேன். என் மகள் என் முகத்தைப் பார்க்காமல் தன் கைப்பேசியைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைவிட அதுவே என்னை அறுத்தது.

வெளியே வந்தபின் அவனிடம் கேட்டேன். "கார்டுல எடம் இல்லக்கா" என்றான். அந்த அட்டையில், அவன் கடையின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன.

"சபுர் பண்ணு பல்கீஸு" என்றார் என் கணவர். பொறுமை காக்கும்படி சொன்னார். நான் பொறுமை காத்தேன். பொறுமை என்பது மறத்தல் அன்று, காலம் பார்த்திருத்தல்.

மறு ஆண்டு, எவ்விதக் கூச்சமும் இன்றி, கையில் ஒரு பெரிய பெட்டியுடன் தினகரன் கடைக்குள் நுழைந்தான்.

"அக்கா, எப்டி இருக்கீங்க? பாய், சௌக்கியமா?"

"வாப்பா, பரிசுக்காரரே" என்றார் என் கணவர், தட்டுகளைத் துடைப்பதை நிறுத்தாமலே. "என்ன, ஊசி தீட்டணுமா?"

அவன் அதனைக் கேளாதவன் போலப் பெட்டியைத் திறந்தான். நீண்ட உடல் கொண்ட பழங்காலக் கார். பானெட் மட்டுமே என் நான்கு விரல் அகலம் இருந்தது.

"இந்த வாட்டி சென்னையிலேர்ந்து ஜான்சன் சார் ஜட்ஜா வர்றார்க்கா. கம்பெனியில கார் டிசைன் பண்றவரு. அவர் கலர பாக்க மாட்டாராம், லைனதான் பாப்பாராம். வண்டிய நல்லா கறுப்பா அடிக்கப்போறேன்."

கறுப்பு என்றதும் என் உள்ளத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மெருகேற்றிய கறுப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு மயிரிழைப் பள்ளம் இருந்தாலும் அதன் விளிம்பில் வெளிச்சம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"அட்டையில என் பேர்?" என்று கேட்டேன்.

"கண்டிப்பாக்கா! இந்த வாட்டி கண்டிப்பா. பெருசா போட்ரலாம்."

"சரி தம்பி. வெச்சிட்டுப் போ."

அவன் சென்றபின் என் கணவர் துணியைக் கீழே வைத்தார். "உனக்கு அறிவு இருக்குதா? மறுபடியும் அவனுக்கு உழைக்கப்போறியா?"

"உழைக்கத்தாங்க போறேன்" என்றேன்.

என் எண்ணம் பின்வருமாறு. அவன் மீது குற்றம் சுமத்தினால் பயனில்லை. பட்டுக்கடை முதலாளியின் சொல்லுக்கும் பெயர் வெட்டுபவளின் சொல்லுக்கும் இடையே மண்டபம் எதனை நம்பும் என்பதைக் கண்டுவிட்டேன். ஆகவே அவனே சொல்ல வேண்டும். சொன்னால்தான் தப்பலாம் என்னும் நிலையில் அவனை நிறுத்த வேண்டும்.

அதற்கான பொருள் எங்கள் தெருமுனையில், கார்களுக்கு ஒடுக்கு எடுக்கும் டிங்கர் கடையில் கிடைத்தது. பட்டி என்பார்கள். மோதிய காரின் பள்ளத்தில் அதனைப் பூசித் தேய்த்து, வண்ணம் அடித்து அனுப்புவார்கள். மலிவான பட்டி காய்ந்துவிட்டதாகத் தோற்றமளிக்கும். ஆயின் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். வெயிலில் நிற்க நிற்க ஈரம் வெளியேறும், பட்டி சுருங்கும், மேலே பூசிய வண்ணத்தையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். உரிமையாளர் திரும்பி வந்து, "பட்டி இறங்கிடுச்சுப்பா" என்று சண்டையிடுவார். இச்சண்டையை நான் எங்கள் கடை வாசலில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். என் முதல் வண்டிகளுள் ஒன்றில் பசைக்குப் பதிலாக இப்பட்டியைப் பூசிக் கெடுத்தும் இருக்கிறேன்.

முதலில் கோடுகளை வெட்டினேன். பழிக்காகச் செய்தாலும் வேலையில் குறை வைத்தல் என் இயல்பன்று. மேலும், ஜான்சன் என்பவர் வியக்க வேண்டும் அல்லவா? கதவுகளை முடித்து, சக்கர வளைவின் மேல் கோடு திரும்பும் இடத்தில் மூச்சை அடக்கி இழுத்தேன். சன்னலுக்கு எதிரே உயர்த்திப் பார்த்து, ஒளி கசியாத கடைசி ஆழம் வரை சென்று நிறுத்தினேன். என் வாழ்நாளில் அதனினும் சிறந்த கோட்டை நான் வெட்டியதில்லை.

அதன்பின் பானெட்டின் நடுவே, குடத்தில் வெட்டும் அதே எழுத்தில், மேல் வரியில் 'அன்பளிப்பு' என்றும் கீழ் வரியில் 'பல்கீஸ்' என்றும் வெட்டினேன். ஆழமாகவே வெட்டினேன்.

எழுத்துகளின் பள்ளங்களில் மட்டும் பட்டியை நிரப்பினேன். பட்டி மேலே சற்றே புடைத்திருக்கையிலேயே, முழுதும் காயவிடாமல், மட்டமாகத் தேய்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பட்டியின் நிறம் தெரியும் என்பதால் சாம்பல்நிறப் பிரைமரை உடல் முழுதும் அடித்தேன். முன்னதாக, உடைந்த பழைய வண்டிகளின் மேற்கூரைகளில் இதனையே செய்து, கறுப்பு அடித்து, கடையின் தகரக் கூரை மேல் வைத்துப் பார்த்திருந்தேன். நிழலில் வைத்தவை வாய் திறக்கவில்லை. சூடு பட்டவை பேசின.

சூட்டினைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தினகரன் தன் வண்டியை எவ்வாறு காட்சிக்கு வைப்பான் என்பதை நான் அறிவேன். சரிகை மின்னுவதற்காகப் பட்டுக்கடையில் பொருத்தியிருக்கும் பெரிய மஞ்சள் விளக்குகளை, அவன் சென்ற ஆண்டும் மண்டபத்திற்குத் தூக்கிவந்தான். பக்கவாட்டில், தாழ்வாக வைப்பான். முந்தானையைக் காட்டும்போது சரிகைக்கு அப்படித்தான் வெளிச்சம் கொடுப்பார்கள். பிறர் தம் வண்டிக்கு வெள்ளை விளக்கைத் தலைக்கு மேல் மாட்டுவர். பட்டு விற்கும் வீட்டில் பிறந்தவனுக்கு மட்டுமே, கீழிருந்து சாய்ந்து விழும் மஞ்சள் ஒளியே பேரழகு. அவ்விளக்கருகே ஐந்து நிமிடம் நின்றால் கன்னம் சுடும். அவ்வொளியிலோ, நூலிழைப் பள்ளம் கூட ஏரிக்கரை போல் நிழல் கொள்ளும்.

அவன் வண்டியை எடுக்க வந்தான்.

"பிரைமரும் அடிச்சிட்டீங்களாக்கா! அக்கான்னா அக்காதான்" என்று கூறி, கட்டைவிரலால் கதவைத் தடவினான், கூரையைத் தடவினான், பின்னர் பானெட்டைத் தடவினான். கட்டைவிரல் எழுத்துகளின் மேல் மெதுவாகச் சென்று, மெதுவாகத் திரும்பிற்று.

"கண்ணாடி மாதிரி இருக்குதுக்கா."

"காய வெச்சி அடிப்பா. அவசரப்படாத" என்றேன். இது மெய்யான அறிவுரை. அவன் ஏற்கமாட்டான் என்பதை அறிந்தே கூறினேன்.

"முகூர்த்த சீசன்கா. கடையில நிக்கவே நேரம் இல்ல. ரெண்டு நாள்ல கறுப்பு, மெருகு எல்லாம் முடிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அன்று முதல் கண்காட்சி நாள் வரை எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன். அட்டையில் என் பெயர் இருக்குமாயின், விளக்கை ஏற்றுமுன் அவனைத் தனியே அழைத்து உண்மையைக் கூறி, வண்டியை மறைத்துவிடச் சொல்வேன். இல்லையேல் வாய் திறவேன். இந்நிபந்தனையை என் கணவரிடம் கூறியபோது அவர் வியப்புற்றார்.

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தா நான் தோத்தேன்னு வெச்சிக்கோங்க."

"போட்டிருக்க மாட்டான்" என்று அவரே ஆறுதல் கூறினார்.

கண்காட்சி அன்று கடையை மூடிவிட்டு இருவரும் சென்றோம். திருமண மண்டபத்தில் மேசைகள் வரிசையாக இடப்பட்டு, வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. முதல் மேசையின் நடுவே, அரக்குச் சிவப்புப் பட்டின் மேல், கறுப்பு வண்டி நின்றது. தினகரன் தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தான். கிணற்று நீர் போன்ற கறுப்பு. அந்தக் கறுப்பினுள் என் கோடுகள் ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் ஓடின. ஒரு கணம் எனக்கே மனம் இளகியது. இதனைக் கெடுக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

பிறகு அட்டையைப் பார்த்தேன். 'உருவாக்கம்: தினகரன்.' அதன் கீழே அவன் கடையின் பெயர். அதற்கும் கீழே விரலளவு வெற்றிடம் இருந்தது. இம்முறை இடமில்லை என்று சொல்லவும் வழியில்லை.

என்னைக் கண்டதும் அவன் விரைந்து வந்தான். "அக்கா, பிரிண்ட்காரன் உட்டுட்டான்கா. அடுத்த வாட்டி..."

"பரவால்ல தம்பி" என்றேன். "வெளக்கு போடலியா?"

"இதோக்கா" என்று அவனே சென்று இரு மஞ்சள் விளக்குகளையும் ஏற்றினான்.

நாங்கள் மூன்றாம் வரிசையில் அமர்ந்தோம். அதே இடம் வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

ஜான்சன் முற்பகலில் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. பிற வண்டிகளின் முன் தலையசைத்துக் கடந்தவர், கறுப்பு வண்டியின் முன் முழங்காலிட்டார்.

"இந்த டோர் லைன பாருங்க" என்று அருகிலிருந்தவர்களை அழைத்தார். "வீல் ஆர்ச் மேல வளையுற எடத்துல எல்லாருக்கும் அகலமாயிடும். இங்க ஒரே அகலம். யார் வெட்டினது?"

தினகரனின் கண்கள் ஒரு முறை என் பக்கம் வந்து திரும்பின. "நான்தான் சார்."

"முழுசா நீங்களேவா?"

"முழுசா சார். வேற யாரும் தொடல. நான் தொடவும் உட மாட்டேன்."

'வேற யாரும் தொடல' என்று அவன் கூறியதைக் கேட்ட அளவில் என் கணவர் என் முழங்கையை இடித்தார். கிணற்றுக்குள் இறங்கியவன் தானே கயிற்றையும் அறுத்துக்கொண்டான்.

ஆயினும் பானெட் வாய் திறக்கவில்லை. ஜான்சன் குறிப்பெடுத்துக்கொண்டு அகன்றார். நான் இருக்கையில் இருந்தவாறே கறுப்பை உற்று நோக்கினேன். கண்ணாடிபோல் கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உணவு வேளை வந்தது, இலை போட்டார்கள். எனக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. பிரைமரைத் தடிமனாக அடித்துவிட்டேனோ? பட்டியைக் கூடுதலாகக் காயவிட்டேனோ? அவன் பரிசுடன் மேடையேறி மீண்டும் சிரிப்பானோ?

"என்ன பல்கீஸு, உன் பேரு தூங்குதா?" என்றார் என் கணவர் பாயசத்தை உறிஞ்சியவாறு.

"பேசாம சாப்பிடுங்க."

உணவு முடித்து மக்கள் மேசைகளை நோக்கித் திரும்பினர். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த இளவரசி என்னும் பெண், கழகத்தின் உறுப்பினர், கறுப்பு வண்டியைப் படமெடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"தினா, உன் பானெட்ல என்னவோ இருக்குதுப்பா."

"தூசி. தொடாத."

"தூசி இல்லப்பா. எழுத்து." அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். "அன்... பளி... அன்பளிப்பு!"

ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தனர். நானும் எழுந்து சென்றேன். மஞ்சள் ஒளி கீழிருந்து சாய்ந்து விழ, கறுப்பின் நடுவே இரு வரிகள் மூச்சு வாங்குவது போல் உள்ளிறங்கியிருந்தன. மேல் வரி தெளிவாகவும் கீழ் வரி சற்றே மங்கலாகவும் இருந்தது. நான் வெட்டிய வளைவு, நான் வெட்டிய புள்ளி.

"எந்தக் கல்யாணத்துல வந்துதுப்பா இது?" என்று ஒருவர் கேட்டார். "பீரோ, கட்டில், அப்புறம் இந்தக் காரு!"

மண்டபம் சிரித்தது. அதே மண்டபம், அதே சிரிப்பு. இம்முறை அது சென்று விழுந்த இடம் வேறு.

தினகரன் கைக்குட்டையால் பானெட்டைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கீழ் வரியும் மெருகு ஏறித் துலங்கியது. "பல்கீஸ்" என்று இளவரசி உரக்க வாசித்தாள்.

அவன் நிமிர்ந்தான். முகம் வெளிறியிருந்தது. "இந்தம்மாதான்! சார், இந்தம்மா வேணும்னே பண்ணிட்டாங்க சார்!"

ஜான்சன் அருகே வந்து, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். "இது பெயிண்ட்டுக்குக் கீழ வெட்டினது. இவங்க எப்ப பண்ணாங்க?"

"பாடி இவங்ககிட்டதான் சார் இருந்துச்சு! அப்ப பண்ணிட்டாங்க!"

"வேற யாரும் தொடலன்னு காலையில சொன்னீங்களே."

தினகரன் மீண்டும் கைக்குட்டையைப் பானெட்டின் மேல் வைத்தான்.

"எதுக்கு இவங்ககிட்ட இருந்துச்சு?" என்று ஜான்சன் மீண்டும் கேட்டார். கோபமின்றி, அறிந்துகொள்ளும் விருப்பத்துடன்தான் கேட்டார்.

இதுவே நான் ஓராண்டாகக் காத்திருந்த கேள்வி. அவனுக்கு இரு வழிகளே இருந்தன. வண்டியைத் தன்னைத் தவிர ஒருவரும் தொடவில்லை என்றால், 'அன்பளிப்பு பல்கீஸ்' என்பதைத் தானே வெட்டிக்கொண்டதாக ஆகும். நான் வெட்டினேன் என்றால், வண்டி என் கையில் இருந்ததன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

"லைன்..." என்றான்.

"சத்தமா சொல்லுப்பா, பின்னாடி கேக்கல" என்றார் என் கணவர் பின்னாலிருந்து. "மைக் வேணுமா?"

"லைன் வெட்டறதுக்குக் குடுத்தேன் சார்."

"எந்த லைன்?"

"எல்லா லைனும்."

"இந்த டோர்?"

"அவங்கதான் சார்."

"இந்த வீல் ஆர்ச்?"

"அவங்கதான்."

"போன வருஷம் செவப்பு வண்டி, தம்பி?" என்று நான் முதன்முறையாக வாய் திறந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை நான் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன். "அதுவும் நீங்கதான். போதுமா? உங்கள மாதிரி இந்த ஊர்ல யாரும் வெட்ட முடியாது. போதுமா!"

"போதும்" என்றேன்.

ஜான்சன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்ளோ அழகான வேலைய நீங்களே கெடுத்துட்டீங்களே. நான் இதுக்கு மார்க் போட முடியாது."

"என்னோட வேலைன்னு சொன்னீங்கள்ல சார். மார்க்கு வேணாம்."

அவர் தலையை அசைத்தார். என்னை மெச்சினார் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அகலுமுன் மீண்டும் ஒரு முறை குனிந்து, சக்கர வளைவின் மேல் உருப்பெருக்கியைப் பிடித்துப் பார்த்துவிட்டே சென்றார்.

பரிசு வேறொருவருக்குச் சென்றது. நாங்கள் செருப்பு அணிந்துகொண்டிருக்கையில் தினகரன் வண்டியை எடுத்துவந்து என் முன் நீட்டினான்.

"எடுத்துக்கினு போங்க! உங்க பேர்தான போட்டிருக்குது, நீங்களே வெச்சிக்கோங்க!"

"மேல ஒரு வரி இருக்குது, படிச்சியா தம்பி?" என்றேன். "குடுத்தத திரும்ப வாங்கற பழக்கம் எங்க ஊட்ல இல்ல."

ஆட்டோவில் என் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். கச்சபேஸ்வரர் கோவில் அருகே சிரிப்பை நிறுத்தி, "இருந்தாலும் பாவம்தான்" என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் மகளிடம் சொல்லுமாறு மட்டும் கூறினேன். நான் சொன்னால் பெருமையாகிவிடும். அன்று மாலை அவர் நடித்துக்காட்ட, அவள் மைக் வந்த இடத்தை இன்னொரு முறை நடிக்கச் சொன்னாள். அப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி பிறந்ததும், தினகரனின் மனைவி புவனேஸ்வரி கடைக்கு வந்தாள். தமக்கை மகளின் திருமணத்திற்கு ஓர் அண்டா வாங்க வேண்டுமாம். ஊரில் வேறு பாத்திரக்கடை இல்லாமல் இல்லை. "பேர் வெட்டறதுன்னா இங்கதான் வரணும்ங்கறாங்கக்கா" என்றாள். அதில் கேலி இருக்கிறதா என்று ஆராய்ந்தேன், இல்லை.

"அவர் எப்டி இருக்காரு?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க! இன்னும் அந்தக் கறுப்புக் கார தேச்சிக்கினே கெடக்கறாருக்கா. தேய்க்கறாரு, அடிக்கறாரு, நல்லாதான் இருக்குது. ஒரு வாரம் வெயில் அடிச்சா உங்க பேரு மறுபடியும் வந்து நிக்குது." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை அடக்குகிறாள் என்பது புலனாயிற்று. "சோறு தண்ணி இல்ல. குப்பையில போடுய்யான்னா, போட மாட்டேங்கறாரு. இது போறதுக்கு வழியே இல்லியாக்கா?"

வழி உண்டு. ஊசி முனையால் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் உடனடிப் பசையை நிரப்பித் தேய்த்தால் போதும். ஒரு மதியப் பொழுதில் முடியும் வேலை. அதன்பின் எவ்வெயிலுக்கும் எழுத்து எழாது. அவனும் இதனை அறிந்திருக்க வேண்டியவனே; ஆனால் கோடு வெட்டுபவர்க்கன்றி வண்ணம் பூசுபவர்க்கு இவ்வறிவு தேவைப்படுவதில்லை.

"தெரியலியேம்மா" என்றேன். "நெறைய தேய்க்கச் சொல்லு. வாட்டர் பேப்பர் தீந்துட்டா இங்க இருக்குது, வாங்கிக்கச் சொல்லு."

அவள் அண்டாவைத் திருப்பி, இடத்தைக் காட்டினாள். "இங்க வெட்டுங்கக்கா. அன்பளிப்பு, தினகரன் புவனேஸ்வரின்னு. நல்லா ஆழமா. போகக்கூடாது."

இயந்திரத்தை இயக்கினேன். எவர்சில்வர் பாடியது. அவன் பெயரை, ஒரு புள்ளியும் பிசகாமல், கேட்டபடியே ஆழமாக வெட்டிக் கொடுத்தேன்.